இரண்டு மலையும் ஒரு சூரியனும்

நமது பாடசாலைகளிலே ஒரு பிள்ளையின் கையில் வர்ணப் பெட்டியையும் வெள்ளைத் தாளையும் கொடுத்து, “இயற்கைக் காட்சி ஒன்று வரை” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை ஜன்னல் வழியே வெளியே பார்க்காது. தாளின் மேற்பகுதியில் இரண்டு முக்கோணங்களை வரையும், அவை மலைகள். நடுவே ஓர் அரைவட்டம்; அது சூரியன். சூரியனுக்குக் கீழிருந்து ஓர் ஆறு நெளிந்து வரும். ஆற்றங்கரையில் ஓட்டு வீடு. வீட்டருகே சற்றுச் சாய்ந்தாற்போல் ஒரு தென்னை. வானத்தில் நான்கு பறவைகள். படம் முடிந்தது.

தலவாக்கலையிலே தமிழாசிரியனாகப் பணிபுரியும் நான் இந்தப் படத்தை எத்தனை நூறு முறை பார்த்திருப்பேன் என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. சித்திர ஆசிரியர் இல்லாத பாடசாலையில் சித்திரப் பாடமும் தமிழாசிரியன் தலையிலேதான் வந்து விழும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில், தென்னை காய்க்காத குளிரில், லயத்துக் காம்பிராவிலே பிறந்து வளரும் பிள்ளை, தன் படத்திலே தென்னையை நட்டுத் தனி வீட்டைக் கட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே உண்மையான மலை இருக்கிறது. அந்த மலையிலே அதன் தாய் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். அந்த மலையும் தாளில் இல்லை. அந்தத் தாயும் தாளில் இல்லை.

இது பிள்ளையின் பிழையா? இல்லை. தன் ஊர் படமாவதற்குத் தகுதியற்றது என்று பிள்ளைக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். கற்பித்தவர்களுள் ஆசிரியர்களாகிய நாமும் இருக்கிறோம். நமது சித்திரக்காரரும் இருக்கிறார்கள். மரமும் மலையும் நமது சித்திரங்களிலே அழகின் சின்னங்கள் என்று போற்றப்படுகின்றன. உண்மையில் அவை உழைப்பை மறைக்கும் திரைகளாகவே தொங்குகின்றன என்பது என் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டைக் கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை, சான்றுகளைப் பார்ப்போம்.

மலையகத்தைப் பற்றிய முதற் சித்திரம் சொல்லாலே வரையப்பட்டது. பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்து கிடந்த தென்னிந்தியக் கிராமத்து மக்களிடம், கண்டிச் சீமையிலே தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்த கங்காணிமார் ஆசை காட்டியதாக நம் முதியோர் இன்றும் சொல்வர். தென்னை விளையாத மலையிலே தேங்காய்! நம் பிள்ளைகளின் படத்திலுள்ள தென்னைக்கு அன்றே வித்திடப்பட்டுவிட்டதோ என்று சில வேளைகளில் எனக்கு எண்ணத் தோன்றும்.

இரண்டாவது சித்திரத்தை வணிகம் வரைந்தது. 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசுச் சந்தைச் சபை, குடியேற்ற நாடுகளின் விளைபொருள்களை வண்ணச் சுவரொட்டிகளாக்கித் தன் நாட்டுச் சுவர்களில் ஒட்டியது. ‘சிலோன் கீதம்’ என்ற புகழ்பெற்ற விவரணப் படத்தை 1934இல் பேசில் ரைட் ஆக்கினார். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்ட படம் அது. கலைநோக்கிலே அது சிறந்த படம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தேயிலைப் பணத்திலே பிறந்த அப்படத்தில் விகாரையும் நடனமும் தென்னையும் யானையும் பெற்ற இடத்தோடு கொழுந்துக் கூடை பெற்ற இடத்தை ஒப்பிட்டுப் பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். பணம் கொடுத்தவன் தேயிலையை விற்க விரும்பினான். தேயிலை எவ்வாறு விளைகிறது என்பதை விற்க அவன் விரும்பவில்லை.

அந்தப் பரம்பரை இன்றும் தொடர்கிறது. தேயிலைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். உல்லாசப் பயணச் சுவரொட்டியைப் பாருங்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலை, பனிப்புகை, தொலைவில் ஒரு நீர்வீழ்ச்சி, முன்னே சிரித்த முகத்தோடு ஒரு பெண். அவள் இடுப்பிலே படங்கு இல்லை. காலிலே அட்டை கடித்த வடு இல்லை. நகக்கண்ணிலே தேயிலைச் சாயம் இல்லை. கூடை இருக்கிறது; கூடையின் கனம் இல்லை. இன்று நம் இளஞ்சித்திரக்காரர் பலர் வரைந்து வெளியிடும் மலையகப் படங்களும் பெரும்பாலும் இந்தப் பெட்டியைப் பார்த்து எழுதியவையே. மலையைப் பார்த்து வரைந்தவன் பெட்டியைப் பார்த்து வரைந்ததுபோல் வரைய மாட்டான்.

இவ்வழகு யாருடைய கண்ணுக்காகக் காக்கப்படுகிறது என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென்கிளயர் நீர்வீழ்ச்சியை அறியாதார் இரார். மேல்கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 150 மெகாவாட். தலவாக்கலையிலே அணை எழுந்தது. ஆற்று நீர் சுரங்கத்துள் திருப்பப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நீர்வீழ்ச்சி வற்றிவிடுமே என்று எதிர்ப்பு எழுந்தபோது, சூரியன் எழுவதற்கும் மறைவதற்கும் இடையே பத்து மணி நேரத்துக்கு மேலாக அதற்கு நீர் விடப்படும் என்று உறுதி கூறப்பட்டது. அந்த எதிர்ப்பை நான் இகழவில்லை. ஆறு காக்கப்பட வேண்டியதே. ஆனால், இங்கே காக்கப்பட்டது ஆறு அன்று, ஆற்றின் தோற்றம். கடை திறக்கும் நேரம்போல் அருவிக்கும் நேரம் குறித்தாயிற்று. பார்ப்பவன் உறங்கப் போனதும் அருவிக்கும் விடுமுறை! இத்தகைய அருவியை வரைந்து அதற்கு ‘இயற்கை’ என்று பெயர் சூட்டும் சித்திரக்காரன், தான் வரைவது ஒரு நேர அட்டவணையை என்பதை உணரவேண்டும்.

மரங்களுக்கு வருவோம். மலையகத்தின் இயற்கை எழில் என்று நாம் கூறுவதில் இயற்கை எவ்வளவு? இம்மலைகளை மூடியிருந்த காடு கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் கோப்பி இலையில் நோய் காணப்பட்டது. சில ஆண்டுகளிலே கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867இலே, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டிருந்தார். பின்னர் மலை முழுவதும் தேயிலையாயிற்று. நிழலுக்காகக் கிரெவிலியா வந்தது. விறகுக்காக யூக்கலிப்டஸ் வந்தது. இரண்டும் அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. பசளைக்காகத் தழை வெட்டவென்று முருக்கு இனத்து மரங்கள் வரிசையாக நடப்பட்டன. ஒவ்வொரு குழியையும் ஒரு மனிதன் வெட்டினான். மண் கரையாதிருக்க ஒவ்வொரு கானையும் ஒரு மனிதன் தோண்டினான். ஓவியன் தூரிகையால் இழுக்கும் அந்த அழகிய வளைகோடுகள் எல்லாம் மண்வெட்டியால் முன்னரே இழுக்கப்பட்ட கோடுகள். மண்வெட்டியின் கையெழுத்தை இறைவனின் கையெழுத்து என்று படிப்பவனை என்னென்பது?

ஒருநாள் கானோடு கானாக மலையே சரிந்தும் வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மண்சரிவு லய வரிசைகளைப் புதைத்தது. சுவரொட்டியிலுள்ள மலை என்றும் சரிவதில்லை. சரிகின்ற மலையின் அடியிலே மனிதர் ஏன் குடியிருக்க வேண்டியதாயிற்று என்று எவரும் அதனைப் பார்த்துக் கேட்பதுமில்லை.

இனி, தேயிலையையே நோக்குவோம். படங்களிலே நாம் மரம் என்று வரைவது ஆலை, அரசை, தென்னையை. தேயிலையை எவரும் மரம் என்று எண்ணுவதில்லை. ஆனால், தேயிலையும் ஒரு மரமே. விட்டுவிட்டால் அது மனிதனைப் போலப் பல மடங்கு உயரம் வளரும். பறிக்கும் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக அதை இடுப்பளவிலே நிறுத்தி வைத்திருக்கிறோம். வாரந்தோறும் அதன் தளிர் பறிக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்துக் கத்தி அதன் கிளைகளை அடியோடு தறித்துவிடுகிறது. வளர முயல்வதும் வெட்டப்படுவதும் மீண்டும் துளிர்ப்பதுமே அதன் வாழ்வு. நூறாண்டு சென்ற தூரும் இடுப்புக்கு மேல் உயர்ந்ததில்லை. மலையகத்திலே மரத்தைச் சின்னமாக்க விரும்பும் ஓவியனுக்கு இதைவிடப் பொருள் பொதிந்த மரம் உலகில் வேறெங்கே கிடைக்கும்? ஆயினும், அவன் இதை விட்டுவிட்டுத் தென்னையைத் தேடிப் போகிறான்.

இதனை நான் ஏட்டிலே கற்கவில்லை. என் மாணவி ஒருத்தி கற்பித்தாள். அவள் கற்பித்தபோது நான் கற்றுக்கொள்ளவுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், மலையகத்தின் எழிலைத் தலைப்பாகக் கொண்ட ஒரு சித்திரப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. எட்டாந் தரத்துப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் இரண்டு மலையும் ஒரு சூரியனும் வரைந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தாள் நிறைய ஒரேயொரு தேயிலைத் தூரை வரைந்திருந்தாள். கவ்வாத்து வெட்டிய தூர், இலை இல்லை, பாசி படர்ந்த தண்டும் வெள்ளையாக வெட்டுவாய்களும். ஓரத்திலே மட்டும் ஒரு கிளை இலையோடு நின்றது. “இதை ஏன் வெட்டாமல் விட்டாய்?” என்று கேட்டேன். “அது மூச்சு விடுறதுக்கு சேர். எல்லாத்தையும் வெட்டுனா செத்துப் போயிரும். அப்பா சொன்னாரு” என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து வகுப்பு முழுவதற்கும் காட்டியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. “போட்டிக்கு இது பொருந்தாது பிள்ளை, பார்த்தால் சோகமாக இருக்கிறது, கொஞ்சம் பச்சை போடு, பின்னால் மலையும் சூரியனும் வை” என்றேன். அவள் கீழ்ப்படிந்தாள். வேறொரு தாள் எடுத்து மற்றவர்களைப் போலவே வரைந்தாள். ஆறுதற் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. பின்னர் ஒரு மழை நாளில் அவர்கள் லயத்துக்குப் போக நேர்ந்தது. ஸ்தோப்புச் சுவரிலே அந்தப் படம் ஒட்டியிருந்தது. கவ்வாத்து மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தகப்பனார் தேநீர் கொடுத்துவிட்டுப் படத்தைக் காட்டி, “மக நல்லாத்தான் வரஞ்சிருக்கா சேர். இது எந்த ஊருங்க?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். எனக்கு விடை கூற வாய் வரவில்லை.

பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்றவன் நான். திணைக் கோட்பாட்டைப் பற்றிப் பரீட்சையிலே பக்கம் பக்கமாக எழுதியவன். நிலத்தைக் குறியீடாக ஆளும் கலையை நம் முன்னோரைப் போல் நுணுகி ஆராய்ந்தவர் சிலரே. தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கும்போது மரத்தைத் தனியே நிறுத்தவில்லை. தெய்வத்தோடும் உணவோடும் விலங்கோடும் பறவையோடும் பறையோடும் யாழோடும் சேர்த்தே மரத்தை வைத்தார். அவற்றோடு ‘செய்தி’ என்ற ஒன்றையும் வைத்தார். செய்தி என்பது அந்நிலத்து மக்கள் செய்யும் தொழில். குறிஞ்சியில் வேங்கை பூக்கும். அதே குறிஞ்சியில் தினைப்புனத்திலே கிளி கடியும் பெண்ணும் இருப்பாள். காதற் பாட்டுத்தான்; ஆயினும் காதலி வேலை செய்துகொண்டிருக்கிறாள்! முதலும் கருவும் உரிப்பொருளாகிய மனித ஒழுக்கத்துக்காகவே வந்து நிற்கின்றன. மனிதனை நீக்கிவிட்ட நிலம் நம் மரபிலே திணையாகாது. மலையையும் மரத்தையும் வைத்துக்கொண்டு செய்தியையும் உரியையும் துரத்திவிட்ட இக்காலப் படம், பழமையைப் போற்றுவோர் கூறுவதுபோல் நம் மரபின் தொடர்ச்சி அன்று. அது தேயிலைப் பெட்டியின் தொடர்ச்சி.

எனக்கு எதிராக எழக்கூடிய வாதங்களை நான் அறிவேன். அவற்றுள் வலிமையானது இது: “லயத்திலே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் வாழும் பிள்ளை தாளிலாவது தனி வீடு கட்டிக்கொள்ளட்டுமே. அந்தக் கனவையும் பறிக்க நீர் யார்?” இவ்வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தனி வீடு வேண்டும் என்பது நம் மக்களின் நெடுநாட் கோரிக்கை. பிள்ளை தான் வாழ விரும்பும் வீட்டை வரைந்தால் அதன் தலைமாட்டிலே நான் வணங்கி நிற்பேன். ஆனால், அந்த வீட்டுக்கு அம்மா சமைக்கும் இடம் எங்கே, தம்பி படிக்கும் மேசை எங்கே, கோடிப்புறத்துத் தோட்டத்தில் என்ன நடுவது என்று பிள்ளை சிந்தித்திருக்க வேண்டும். ஆயிரம் பிள்ளைகள் ஒரே வீட்டை, ஒரே கோணத்தில், ஒரே ஜன்னலோடு வரைந்தால் அது கனவன்று, கனவின் பிரதி. பிறர் எழுதிக் கொடுத்த கனவைப் பார்த்தெழுதும் பிள்ளையிடம் அதன் சொந்தக் கனவு ஏற்கனவே பறிக்கப்பட்டாயிற்று.

இரண்டாவது வாதம் நம் அன்பர்களிடமிருந்தே வரும். “நாங்கள் துயரத்தைத்தானே வரைகிறோம். வேரறுந்த மரத்தை வரைந்து மலையக மக்களின் நிலையைக் காட்டவில்லையா?” என்பர். நூலட்டைகளிலும் விழா மலர்களிலும் இந்த வேரறுந்த மரத்தை நாம் மிகுதியாகக் காண்கிறோம். இரக்கத்தோடு வரைந்ததாயினும் இது பிழையான சின்னம். ஆபத்தான சின்னமும் ஆகும். 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 2023இலே இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த மக்கள் நாம். ஐந்து, ஆறு தலைமுறைகளை இம்மண்ணிலே புதைத்தவர்களுக்கு வேர் இல்லை என்று யார் சொன்னது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சொன்னது. 1964இல் நம்மைக் கேளாமலே தலைகளை எண்ணிப் பங்கிட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் சொன்னது. சட்டம் சொன்ன பொய்யைச் சித்திரமும் ஏன் சொல்லவேண்டும்? வேர் அறவில்லை, கிளைதான் தறிக்கப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி அறிவார். பட்டம் பெற்ற நாம் அறியவில்லை.

மூன்றாவதாக, முற்போக்காளராகிய நம்மையும் சற்றுக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்ட மரம் என்றால் வறுமை. அதில் ஒரு தளிர் என்றால் புரட்சி. பின்னே செஞ்சூரியன் எழுந்தால் விடியல். எத்தனை துண்டுப் பிரசுரங்களில் இதைக் கண்டிருக்கிறோம்! பிள்ளை மஞ்சளாகத் தீட்டிய சூரியனை நாம் சிவப்பாகத் தீட்டினோம். அதே இரண்டு மலை, அதே அரைவட்டம். உழைக்கும் மனிதரைக் காணாமலே உழைக்கும் மக்களுக்காக வரைந்த படமும் பெட்டிப் படமே.

அப்படியாயின் மரத்தைச் சின்னமாக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக ஆக்கலாம். வான்கோ 1882இலே ஹேக் நகரில் தங்கியிருந்தபோது, தலை தறித்த வில்லோ மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். விறகுக்கும் கூடை முடைவதற்கும் கொம்பு வெட்டப்பட்டு வெட்டப்பட்டு முண்டாகிப்போன மரங்கள் அவை. வரிசையாக நின்ற அம்மரங்கள் ஆதரவில்லத்து முதியோரின் ஊர்வலம்போல் தமக்குத் தோன்றுவதாகத் தம்பிக்கு எழுதினார். அங்கே மரம் சின்னமாகிறது. ஆனால், வெட்டியவனின் கத்தியும் அச்சின்னத்துக்குள் இருக்கிறது. வயலும் ஆறும் செழித்த பொன்னாடு என்று பாடப்பெற்ற வங்கத்திலே, 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஜைனுல் ஆபிதீன் மலிவுத் தாளிலே கறுப்பு மையினால் மடிந்தவர்களையும் மடிகின்றவர்களையும் வரைந்தார். சித்தபிரசாத் பஞ்சப் பகுதிகளிலே அலைந்து வரைந்து வெளியிட்ட ‘பசித்த வங்கம்’ என்ற நூலின் பிரதிகளை ஆங்கில அரசு கைப்பற்றி எரித்தது. தென்னையும் ஆறும் வரைந்த படத்தை எந்த அரசாவது எரித்ததுண்டா?

தொலைவுக்குப் போகவும் வேண்டாம். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்திலே பிறந்த அவர் தேயிலைத் தோட்டத்தை ஆங்கிலத்திலே கவிதையாக்கினார். கவிஞரும் ஓவியருமான சக்தீ பால ஐயா அதனைத் தமிழாக்கினார். கவிதையிலே நம்மவர் அன்றே கடந்துவிட்ட இடத்துக்குச் சித்திரத்திலே நாம் இன்னும் வந்து சேரவில்லை. வரத் தொடங்கியிருக்கிறோம் என்பதற்கு, ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்றோர் தோட்டத் தொழிலாளரின் வாழ்வையே பொருளாகவும் தேயிலையையே வண்ணமாகவும் கொண்டு படைத்துவருவது சான்று. அத்தகைய படைப்புகள் கொழும்பின் காட்சிக்கூடங்களிலே பேசப்படுவதோடு நின்றுவிடலாகாது. லயத்துப் பிள்ளைகளின் வகுப்பறைச் சுவருக்கும் வரவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, இது பெரும் பொருட்செலவில் செய்யவேண்டிய காரியமன்று. சித்திரப் பாடத்தன்று பிள்ளைகளை ஜன்னலருகே அழைத்துச் செல்லுங்கள். முதலிற் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் வரையச் சொல்லுங்கள். பெரட்டுக் களத்தையும் கொழுந்து நிறுக்கும் இடத்தையும் பிள்ளைக்காம்பிராவையும் வரைந்தால் அழகில்லை என்று கூறாதீர்கள். மலையை வரைந்தால், அங்கே வேலை செய்வது யார் என்று கேளுங்கள். மரத்தை வரைந்தால், நட்டது யார், வெட்டுவது யார் என்று கேளுங்கள். போட்டி நடத்துவோரிடம், எழில் என்ற தலைப்புக்குப் பதிலாக ‘என் ஊர்’ என்று தலைப்பிடுமாறு கோருங்கள். மாணவ நண்பர்களே, தேயிலைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மலைக்கு ஏறுங்கள். தன் ஊரைத் தாளிலே காணப் பழகாத சமுதாயம், தன் உரிமையைச் சட்டத்திலே காணவில்லையே என்று ஏங்கவும் பழகாது.

என் மாணவி இப்போது என் வகுப்பில் இல்லை. மேல் வகுப்புக்குச் சென்றுவிட்டாள். அவளுடைய முதற் படத்தை அன்று நான் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது இருக்கிறதா என்று அண்மையிற் கேட்டேன். பின்பக்கத்திலே கணக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். மீண்டும் வரைந்து தரும்படி கேட்டிருக்கிறேன். வரைந்து தந்தால் எங்கள் வகுப்பறைச் சுவரிலே, கரும்பலகைக்கு மேலே அது தொங்கும். அவள் தகப்பனாரை அழைத்து வந்து காட்டுவேன். எந்த ஊர் என்று அவர் கேட்க மாட்டார்.